நிறமும் பிறப்பிடமும்: வண்ணமீன் பெயர்களில் தொகையும் விரியும்

ஆய்வுச் சுருக்கம்

கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கப்பெறும் வண்ணமீன்களின் பெயர்கள் பெரும்பாலும் நிறத்தை முன்னிறுத்தி அமைகின்றன. அந்நிறம் இயற்கையில் அமைந்ததா, வளர்ப்பால் வந்ததா, புறத்தே ஏற்றப்பட்டதா என்பதை அப்பெயர்கள் சொல்வதில்லை. மீன் எந்த ஆற்றிலிருந்து வந்தது என்பதும் பெயரில் மறைந்துவிடுகிறது. இம்மறைப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதைத் தமிழ் இலக்கண மரபின் தொகை, விரி என்னும் கருத்தாக்கங்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. தரங்கம்பாடி வழியாக அறிவியற் பெயர்களுக்குள் புகுந்த தமிழ் மீன்பெயர்கள், மேற்குத் தொடர்ச்சி மலையின் டெனிசன் கெண்டைக்கு வழங்கிய பல பெயர்கள், சென்னைச் சந்தையில் வழங்கும் பெயர்கள் ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. இறுதியில் தமிழில் வண்ணமீன்களுக்குப் பெயரிடுவதற்கான சில நெறிகள் முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்

வண்ணமீன், காரணப்பெயர், பண்புத்தொகை, டெனிசன் கெண்டை, கொளத்தூர், சாயநிறம், பெயரிடல் நெறி.

முன்னுரை

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் கூடுவாஞ்சேரியை அடுத்து வரும் நிலையம் பொத்தேரி. அதனை அடுத்தது காட்டாங்கொளத்தூர். முன்னதன் ஈற்றில் ஏரி உள்ளது. பின்னதன் உள்ளே குளம் உள்ளது. 'குளத்தூர்' என்பது பேச்சு வழக்கில் உகரம் ஒகரமாகத் திரிந்து 'கொளத்தூர்' என நிலைபெற்றது. நகரின் வடமேற்கிலும் ஒரு கொளத்தூர் உண்டு. தமிழகத்தின் வண்ணமீன் வணிகத்திற்குப் பெயர்பெற்ற இடம் அதுவே. நீர்நிலையால் பெயர்பெற்ற ஓர் ஊர் இன்று கண்ணாடித் தொட்டி மீன்களால் அறியப்படுவது பெயராய்வாளரின் கவனத்திற்கு உரியது.

ஊர்ப்பெயர்கள் தம் நீர்நிலையை இன்றும் உரைத்துக்கொண்டிருக்கின்றன. அவ்வூர்களில் விற்கப்பெறும் மீன்களின் பெயர்களோ தம் நீர்நிலையை உரைப்பதில்லை. 'ரெட் லைன் டார்பிடோ பார்ப்', 'புளூ கிளாஸ்', 'குளோ டெட்ரா', 'டேங்க் கிளீனர்' முதலிய பெயர்களைக் கேட்கும் ஒருவர் அம்மீன் பம்பையாற்றில் பிறந்ததா, தென்னமெரிக்க ஆற்றினத்தைச் சேர்ந்ததா, ஆய்வுக்கூடத்தில் தோன்றியதா என அறிய வழியில்லை. பெயர் அயல்மொழியில் அமைந்திருப்பது இதற்கு ஒரு காரணமே, முதற்காரணம் அன்று. அப்பெயர்களை அப்படியே தமிழாக்கினாலும் மறைந்தது வெளிப்படாது. எனவே மொழிபெயர்ப்புச் சிக்கலாக அன்றிப் பெயரின் அமைப்புச் சிக்கலாக இதனை அணுக வேண்டியுள்ளது.

நிறத்தைச் சொல்லும் பெயர், அந்நிறத்தின் ஊற்றையும் மீனின் பிறப்பிடத்தையும் சொல்லாது விடும்போது, வாங்குவோர் ஏமாறுவதோடு அந்த உயிரினத்தைக் காப்பதற்கான பதிவும் பிழைபடுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

தமிழ் மீன்பெயர்களின் மரபு

பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என இருவகைப்படுத்துவது நன்னூல் மரபு. காரணம் பற்றி வழங்கினும் அக்காரணமுடைய எல்லாவற்றிற்கும் செல்லாமல் ஒன்றற்கே உரித்தாகி நிற்பதனைக் காரண இடுகுறி என்பர். தமிழ் மீன்பெயர்களை இப்பகுப்பில் வைத்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. கெண்டை, விரால், கெளுத்தி, அயிரை, வாளை, கத்தலை முதலியன இன்றைய பேசுவோர்க்கு இடுகுறியாகவே நிற்பவை. இவை இனப்பொதுமையைக் குறிக்கின்றன. இவற்றின் முன் வரும் அடைகளே காரணத்தை உரைக்கின்றன. கருப்பு வவ்வால், வெள்ளை வவ்வால் என்பவற்றில் நிறமும், ஆற்று வாளை என்பதில் வாழிடமும், பனையேறிக் கெண்டை என்பதில் செயலும் காரணமாகின்றன. இனப்பெயர் ஈற்றில் நிற்க, வேறுபடுத்தும் அடை முன்னிற்கும் இவ்வமைப்பு, அறிவியல் உலகு வழங்கும் இருசொற் பெயரீட்டுக்கு இணையானது. சொற்களின் வரிசை மட்டுமே மாறுகிறது.

இவ்வொப்புமை தற்செயலாக நின்றுவிடவில்லை. தரங்கம்பாடியில் இருந்த சமயப்பணியாளர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், சோழமண்டலக் கடற்கரையின் மீன்களைப் பெர்லினில் இருந்த மீனியல் அறிஞர் மார்க்கஸ் எலீசர் பிளாக்கிற்கு அனுப்பினார். பிளாக் 1793இல் ஒரு மீன் பேரினத்திற்கு ஜானின் பெயரால் 'ஜானியஸ்' எனப் பெயரிட்டார். அப்பேரினத்துள் ஒன்று 'ஜானியஸ் கருட்டா'. இதன் பின்னொட்டு 'கருத்த கத்தலை' என்னும் தமிழ்ப்பெயரின் முற்பகுதியாகும். 1801இல் வெளிவந்த பிளாக், ஷ்னைடர் இருவரின் நூலில் இடம்பெற்றுப் பின்னர் 'வலாகோ அட்டு' என வழங்கலான பெயரில் உள்ள 'அட்டு', 'ஆற்று வாளை' என்பதன் 'ஆற்று' ஆகும். தரங்கம்பாடியிலிருந்து டால்டார்ஃப் 1797இல் வெளியிட்ட குறிப்பில் பனையேறிக்கு இட்ட 'ஸ்கேண்டன்ஸ்' என்னும் இலத்தீன் அடையின் பொருளும் ஏறுவது என்பதே.

இம்மூன்று சான்றுகளிலும் அறிவியற் பெயர் எடுத்துக்கொண்டது தமிழ்ப்பெயரின் அடைப்பகுதியையே, அல்லது அதன் பொருளையே என்பது குறிப்பிடத்தக்கது. நிறம், வாழிடம், செயல் என்னும் மூன்று காரணங்களும் இதில் அடங்குகின்றன. வங்காளத்திலும் இதற்கு ஒப்பான நிலை உண்டு. பிரான்சிஸ் புக்கானன் ஹாமில்டன் 1822இல் கங்கையாற்று மீன்களைப் பற்றி எழுதிய நூலில் 'லாலியஸ்' எனப் பெயரிட்ட சிறு மீன் இன்று உலகெங்கும் வளர்க்கப்பெறும் குள்ள கோராமி. சிவப்பைக் குறிக்கும் 'லால்' என்னும் சொல்லே அப்பெயரில் உள்ளது. 'புண்டியஸ்' என்னும் பேரினப்பெயர் 'புண்ட்டி' என்னும் வங்காள மீன்பெயரிலிருந்து வந்தது.

பிறப்பிடத்தைத் தாங்கிய அறிவியற் பெயர்களும் பல. புதுச்சேரியின் அரியாங்குப்பம் ஆற்றில் கிடைத்த மீனுக்குக் 'குபானஸ்' என்னும் அடை அமைந்தது. 'குப்பம்' என்னும் தமிழ்ச்சொல் அதனுள் ஒலிக்கிறது. தாமிரபரணியின் கெண்டை ஒன்றற்கு ஈ.ஜி. சைலஸ் 1954இல் 'தாம்பிரபர்ணியை' எனப் பெயரிட்டார். பட்டாணி அளவேயான குள்ளப் பேத்தை மீனுக்கு ஹோராவும் நாயரும் 1941இல் 'திருவாங்கூரிகஸ்' என்னும் அடையை இட்டனர். இவை மூன்றும் இன்று வண்ணமீன் ஆர்வலர்கள் விரும்பி வளர்ப்பவை. ஆயினும் வணிகப் பெயர்களில் அரியாங்குப்பமோ திருவிதாங்கூரோ எஞ்சவில்லை. குள்ளப் பேத்தை உலகச் சந்தையில் 'பீ பஃபர்' என்றே விற்கப்பெறுகிறது. அளவு நின்றது, ஊர் போயிற்று.

டெனிசன் கெண்டை: ஒரு மீனும் பல பெயர்களும்

பெயருக்கும் ஊற்றுக்கும் இடையிலான பிளவு எத்தகைய விளைவைத் தரும் என்பதற்குத் தென்னிந்தியாவிலிருந்தே ஒரு தெளிவான சான்று கிடைக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றி மேற்கு நோக்கிப் பாயும் ஆறுகளில் வாழும் ஒரு கெண்டை, வெள்ளி உடலில் மூக்கு முதல் வால் வரை ஓடும் கரிய பட்டையும், அதன் மேல் உடலின் முற்பாதியில் ஓடும் செந்நிறக் கோடும் கொண்டது. சென்னை இராணுவத்தில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் டே இதனை 1865இல் 'லேபியோ டெனிசோனியை' எனப் பெயரிட்டு விவரித்தார். மீன் கிடைத்த இடம் திருவிதாங்கூர் மலைப்பகுதியிலுள்ள முண்டக்கயம். பெயர் பெற்றவரோ 1861 முதல் 1866 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் வில்லியம் டெனிசன். மீனின் நிறமும் ஆறும் பெயரில் இடம்பெறவில்லை. ஆட்சியாளரின் பெயரே இடம்பெற்றது. இலக்கண நோக்கில் இது மீனைப் பொறுத்தவரை இடுகுறியே.

பின்னர் பார்பஸ், புண்டியஸ் எனப் பேரினப்பெயர் மாறிக்கொண்டே வந்தது. 2013இல் ராகவன், பிலிப், அலி, தஹானுகர் ஆகியோர் இதற்கெனப் புதிய பேரினம் வகுத்து 'சஹ்யாத்ரியா டெனிசோனியை' என்றனர். சஹ்யாத்ரி என்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் பெயர். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னரே இம்மீனின் மலை அதன் பெயருள் இடம்பெற்றது.

இதற்கிடையில் வணிகம் தன் பெயர்களை இட்டுவிட்டது. மலையாள நாட்டில் 'செங்கணியான்' என வழங்கிய இம்மீன், 1997இல் சிங்கப்பூரில் நடைபெற்ற 'அக்வாராமா' வண்ணமீன் கண்காட்சியில் பரிசு பெற்றபின் உலகச் சந்தையில் பெரும் விருப்பத்திற்குரியதாயிற்று. 'ரெட் லைன் டார்பிடோ பார்ப்', 'ரோஸ்லைன் ஷார்க்', 'மிஸ் கேரளா' என்பன அதன் விற்பனைப் பெயர்கள். முதற்பெயர் நிறத்தையும் வடிவத்தையும் சொல்கிறது. இரண்டாவது நிறத்தைச் சொல்லி, இனத்தில் பிழைபடுகிறது; இம்மீன் சுறா அன்று. மூன்றாவது பிறப்பிடத்தைச் சொல்வதுபோல் தோன்றினும், அழகிப்போட்டிப் பட்டத்தை ஒட்டிய ஆகுபெயராகவே நிற்கிறது. கேரளத்தின் எந்த ஆறு என்னும் வினாவிற்கு அதில் விடையில்லை.

இவ்வினா வெறும் ஆர்வத்தின்பாற்பட்டதன்று. மேனன், ரமாதேவி, தோபியாஸ் ஆகியோர் 1999இல் சாலக்குடி ஆற்றிலிருந்து இதனை ஒத்த மற்றோர் இனத்தை விவரித்து, ஆற்றின் பெயராலேயே 'சாலக்குடியென்சிஸ்' என அழைத்தனர். முதுகுத் துடுப்பிலுள்ள கரும்புள்ளியாலும் கீழ்நோக்கிய வாயாலும் அது வேறுபடும். சந்தையோ இரண்டையும் ஒரே பெயரால் விற்றது. 2005 முதல் 2012 வரை இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான அச்சுறுத்தலுக்குள்ளான நன்னீர் மீன்களைப் பற்றி 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 30 இனங்களைச் சேர்ந்த குறைந்தது 15 இலட்சம் மீன்கள் இக்காலத்தில் வெளியே சென்றதைக் காட்டியது. அவற்றுள் பெரும்பங்கு பெற்றவை மூன்று: வரியுடைய போட்டியா, குள்ளப் பேத்தை, செங்கோட்டு டார்பிடோ மீன்கள். மூன்றாவதை ஆய்வாளர்கள் ஓர் இனமாகக் குறிக்க இயலவில்லை; இரண்டு இனங்களையும் உள்ளடக்கிய தொகுதியாகவே குறித்தனர். ஒவ்வோர் ஆற்றிலிருந்தும் எத்தனை மீன்கள் சென்றன என்பதை ஏற்றுமதிப் பெயரைக்கொண்டு மீட்டெடுக்க இயலாது. பெயரில் ஒன்றானவை பதிவிலும் ஒன்றாயின.

கேரள அரசு 2008இல் இம்மீனைப் பிடிப்பதற்குக் கட்டுப்பாடுகளையும் தடைக்காலத்தையும் விதித்தது. அத்தடைக்காலம் மீனின் உண்மையான இனப்பெருக்கக் காலத்தோடு பொருந்தவில்லை எனப் பின்னர் மேற்கண்ட ஆய்வாளர்கள் சுட்டினர். இன்று தென்கிழக்கு ஆசியப் பண்ணைகளில் இம்மீன் வளர்ப்பில் இனம்பெருக்கப்படுகிறது. கரும்பட்டை குன்றிப் பொன்னிறம் மிகுந்த வகையும் 'கோல்டன்' என்னும் அடையுடன் விற்பனைக்கு வருகிறது. ஆற்றில் பிடித்ததும் பண்ணையில் பிறந்ததும் ஒரே பெயரில் ஒரே தொட்டியில் நிற்கும்போது, மனசாட்சியுடன் தேர்ந்து வாங்க விரும்புபவருக்கும் தேர்வதற்கு வழியில்லை.

நிறத்தின் ஆறு ஊற்றுகள்

வண்ணமீன்களின் நிறம் எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிந்தாலன்றிப் பெயரின் மெய்ப்பொருளை மதிப்பிட இயலாது. மீனின் தோலில் நிறமிகளைத் தாங்கும் உயிரணுக்கள் உள்ளன. கருமையைத் தருவன, மஞ்சளையும் சிவப்பையும் தருவன, ஒளியை எதிரொளித்து வெள்ளி மினுக்கத்தைத் தருவன என அவை பலவகைப்படும். நீலம் பெரும்பாலான மீன்களில் தனி நிறமியன்று. நுண்படிகங்களில் ஒளி சிதறி எழும் தோற்றம். இவ்வடிப்படையில், சந்தையில் காணும் வண்ணங்களின் ஊற்றினை ஆறாகப் பகுக்கலாம்.

முதலாவது, இயல்நிறம். காட்டாற்றில் உள்ளவாறே அமைந்த நிறம் இது. டெனிசன் கெண்டையின் செங்கோடு இவ்வகையது.

இரண்டாவது, ஊட்டநிறம். சிவப்பு, மஞ்சள் நிறங்களுக்குக் காரணமான கரோட்டினாய்டுகளை மீன் தானே உண்டாக்கிக்கொள்ளாது. உணவின் வழியே பெறுகிறது. அஸ்டாசாந்தின் முதலியன கலந்த தீவனத்தால் நிறம் செறியும். தீவனம் மாறினால் வெளிறும்.

மூன்றாவது, தெரிநிறம். பல தலைமுறைகளாகத் தெரிந்தெடுத்து இனம்பெருக்குவதால் நிலைபெறும் நிறம் இது. தங்கமீன், கோய், கப்பி, பைட்டர் ஆகியவற்றின் எண்ணற்ற வகைகளும், நிறமி இழந்த வெளிறிய வகைகளும் இதில் அடங்கும்.

நான்காவது, கலப்புநிறம். வெவ்வேறு இனங்களைக் கலந்து பெற்ற மீன்களின் நிறம். மலேசியாவில் 1990களில் உருவான ஃபிளவர்ஹார்ன், தைவானில் 1980களில் தோன்றிய பிளட் பேரட் ஆகியவற்றிற்குக் காட்டில் வாழிடமே இல்லை. அறிவியல் இருசொற் பெயரும் இல்லை.

ஐந்தாவது, சாயநிறம். கங்கைச் சமவெளி முதலிய இடங்களில் வாழும் கண்ணாடிமீனின் உடல் ஒளிபுகும் தன்மையது; எலும்புகள் வெளியே தெரியும். ஊசியால் சாயத்தைத் தோலினுள் செலுத்தி நீலம், பச்சை, இளஞ்சிவப்பு நிறங்களில் இதனை விற்கும் வழக்கம் ஆசியச் சந்தைகளில் பரவியது. ஊசிப்புண் வழியே நோய்த்தொற்று ஏற்படும். தப்பிப் பிழைத்த மீனிலும் சில மாதங்களில் சாயம் மங்கும்.

ஆறாவது, மரபேற்றநிறம். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் கோங் சியுவான் தலைமையிலான குழு 1999 அளவில் ஜெல்லிமீனின் ஒளிர்புரத மரபணுவை வரிக்குதிரை மீனுள் செலுத்தியது. நீர் மாசினைக் கண்டறியும் கருவியாக அம்மீனைப் பயன்படுத்துவது அவர்களது நோக்கம். 2003 இறுதியில் அமெரிக்காவில் அது வளர்ப்பு மீனாக விற்பனைக்கு வந்தது. இந்நிறம் மரபுவழி இறங்குவது. ஆயினும் அம்மீனினத்தின் மரபிலிருந்து வந்ததன்று. இந்தியாவில் மரபணு மாற்றிய உயிரிகளைக் கையாளுதல், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட 1989ஆம் ஆண்டின் விதிகளுக்கு உட்பட்டது. 'குளோ' என்னும் வணிக அடை இதனைச் சொல்வதில்லை. ஒளிர்கிறது என்று மட்டுமே சொல்கிறது.

தொகை மறைப்பதும் விரி காட்டுவதும்

'வண்ணமீன்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இது 'வண்ணத்தை உடைய மீன்' என விரியும். உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ஆனால் சாயநிற மீனைக் குறிக்கும்போது அதே தொகை 'வண்ணம் ஏற்றப்பட்ட மீன்' என விரிய வேண்டியுள்ளது. உடைமையும் ஏற்றமும் ஒரே தொகையுள் வேறுபாடின்றி ஒடுங்குகின்றன. தொகைச்சொல் சுருக்கத்திற்கு உதவுவது. கேட்போர் விரித்துப் பொருள்கொள்வர் என்னும் நம்பிக்கையில் இயங்குவது. விரிக்கத் தேவையான அறிவு விற்போரிடம் மட்டுமே இருந்து, வாங்குவோரிடம் இல்லாதபோது, சுருக்கம் மறைப்பாகிறது.

'நீலக் கண்ணாடிமீன்' என்பதில் இது மேலும் தெளிவாகும். இப்பெயர் பண்புத்தொகையாக அமைந்துள்ளது. பண்பு என்பது பொருளை விட்டு நீங்காது அதன்கண் கிடப்பதாகும். சாயமேற்றிய மீனில் நீலம் மீனின் பண்பன்று. அதன்மேல் நிகழ்த்தப்பட்ட ஒரு தொழிலின் விளைவு. தொழிலைப் பண்பாகக் காட்டும் இப்பெயர் வடிவத்தால் இலக்கணமுடையதாயினும் பொருளால் வழுவுடையது. 'நீலச்சாயம் ஏற்றிய கண்ணாடிமீன்' எனப் பெயரெச்சத்தால் விரித்தால், வினை வெளிப்படும்; வினை வெளிப்பட்டவுடன் அதனைச் செய்த வினைமுதல் யார் என்னும் வினாவும் எழும். ஒரு சொல்லின் இலக்கண வடிவம் வாங்குவோரின் அறத்தெரிவைத் தொடும் இடம் இது.

இதே அளவுகோலை ஏனைய ஊற்றுகளுக்கும் பொருத்தலாம். இயல்நிறமும் தெரிநிறமும் மரபில் இறங்குவன. ஆதலின் பண்புத்தொகையாக வழங்குவதில் வழுவில்லை. எனினும் தெரிநிறத்திற்கு 'வளர்ப்பு' என்னும் அடை வேண்டும். இன்றேல் காட்டில் அத்தகைய மீன் உண்டென்னும் மயக்கம் விளையும். ஊட்டநிறம் தீவனம் உள்ளவரை மட்டுமே நிற்பது. மரபேற்றநிறம் பண்பாயினும் பிறிதோர் உயிரின் பண்பு. எனவே அதற்கும் விரி தேவை.

நிறத்தைச் சொல்லாத சந்தைப் பெயர்களும் ஆய்வுக்குரியன. அரோவானா, ஃபிளவர்ஹார்ன் ஆகியவற்றை 'வாஸ்து மீன்' என வழங்குகின்றனர். இப்பெயர் மீனின் பண்பையோ பிறப்பையோ சொல்லாது, வாங்குவோரின் எதிர்பார்ப்பைச் சொல்கிறது; பெயரின் காரணம் மீனிடம் இல்லை, வீட்டிடம் உள்ளது. தொட்டிச் சுவரிலுள்ள பாசியை உண்ணும் தென்னமெரிக்கக் கெளுத்தி 'டேங்க் கிளீனர்' எனப்படுகிறது. செயல்பற்றி வந்த காரணப்பெயராயினும், பாசி உண்ணும் பிற மீன்களுக்குச் செல்லாது இதற்கே உரித்தாகி நிற்றலின் காரண இடுகுறி எனலாம். சென்னை ஆங்கில வழக்கில் 'டேங்க்' என்னும் சொல் கண்ணாடித் தொட்டியையும் ஏரியையும் ஒருங்கே குறிக்கும். வீட்டுத் தொட்டிக்குள் அடங்காமல் வளர்ந்த இம்மீன் சென்னையைச் சூழ்ந்த நீர்நிலைகளில் விடப்பட்டுப் பெருகியுள்ளது. கடினமான கவசமும் காற்றைச் சுவாசிக்கும் திறனும் உடைய அதனை உண்பார் இல்லை. உள்நாட்டு மீன்களின் உணவுக்கும் முட்டைக்கும் அது கேடாகிறது. தொட்டியைத் துப்புரவு செய்வது எனப் பெயர்பெற்றது ஏரியின் மீன்வளத்தைத் துடைத்துவிடும் நிலை உருவாகியுள்ளது. 'தொட்டித் துப்புரவாளன்' என இதனைத் தமிழாக்கினால் பெயர் தமிழாகும். பிழை அப்படியே இருக்கும். 'தென்னமெரிக்கக் கவசக் கெளுத்தி' என்றால், இது நம் ஏரிக்குரியதன்று என்பதைப் பெயரே எச்சரிக்கும்.

பெயரிடல் நெறிகள்

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில் ஐந்து நெறிகளை முன்வைக்கலாம்.

அ) இனப்பெயரை ஈற்றில் நிறுத்துதல். கெண்டை, கெளுத்தி, பேத்தை முதலிய தமிழ் இனப்பெயர்கள் உள்ளவிடத்து அவற்றையே ஆளுதல் வேண்டும். சுறா அல்லாததைச் சுறா என்னும் குழப்பம் இதனால் நீங்கும்.

ஆ) இயல்நிற மீன்களுக்கு நிறத்துடன் நீர்நிலையையும் அடையாக்குதல். டெனிசன் கெண்டையைச் 'செவ்வரிக் கெண்டை' எனலாம். அதன் இணையினத்தைச் 'சாலக்குடிச் செவ்வரிக் கெண்டை' எனப் பிரிக்கலாம். 'செங்கோட்டுக் கெண்டை' என்பதும் இயலுமாயினும், கோடு என்பது மலையையும் குறித்தலின் ஊர்ப்பெயர் மயக்கம் உண்டாகும். வரி என்னும் சொல் அம்மயக்கமற்றது.

இ) காட்டில் பிடித்ததையும் பண்ணையில் பிறந்ததையும் வேறுபடுத்துதல். 'ஆற்று', 'வளர்ப்பு' என்னும் இரண்டு அடைகளே இதற்குப் போதும். 'ஆற்று வாளை' வழங்கிய மொழிக்கு இது புதுவதன்று.

ஈ) ஏற்றிய நிறங்களைப் பண்புத்தொகையால் வழங்காமை. 'சாயமேற்றிய', 'மரபணு ஏற்றிய' எனப் பெயரெச்சத்தால் விரித்தே வழங்க வேண்டும்.

உ) அயல்நாட்டு இனங்களின் பெயரில் அயன்மையைக் காட்டுதல். நிலப்பெயர் அடையாக அமைவதே இதற்கு எளிய வழி.

இந்நெறிகளுக்கு எதிராக ஒரு தடை எழுப்பப்படலாம்: கடையில் நின்று மீன் கேட்பவர் இத்துணை நீண்ட பெயரைச் சொல்வாரா? சொல்லார், சொல்ல வேண்டுவதும் இல்லை. மருந்துக் கடையில் சுருங்கிய பெயரால் கேட்பவருக்கும் உறையில் முழுப்பெயரும் சேர்மானமும் அச்சிடப்பட்டே கிடைக்கின்றன. பேச்சில் தொகையும், எழுத்தில் விரியும் இருப்பதில் முரணில்லை. 'ஃபைட்டர்', 'கப்பி', 'மோலி' முதலிய வழக்குச் சொற்களை நீக்குதலும் இக்கட்டுரையின் நோக்கமன்று. கப்பி என்பது ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்னும் மனிதரின் பெயரே என்பதை மறந்து மக்கள் அதனைத் தம் சொல்லாக்கிக்கொண்டனர். தொட்டியின்மேல் ஒட்டப்படும் சீட்டு, பண்ணைப் பதிவேடு, ஏற்றுமதி ஆவணம், பாடநூல் ஆகிய நான்கிடங்களில் விரி நின்றால் போதுமானது.

கொளத்தூர்ப் பகுதியில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் வண்ணமீன் வர்த்தக மையத் திட்டமும், 2012இல் நிறுவப்பட்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் பயிற்சிகளும் இத்துறைக்கு ஒழுங்கமைந்த வடிவத்தைத் தந்துவருகின்றன. தமிழில் சீட்டு எழுதும் வழக்கம் உருவாகும் இக்கட்டத்தில் மீனியலாரும் தமிழாய்வாளரும் இணைந்து கலைச்சொற்பட்டியல் ஒன்றினை ஆக்குதல் பயன்தரும்.

முடிவுரை

தமிழ் மீன்பெயர் மரபு, இனப்பெயரின் முன் காரண அடையை நிறுத்தும் தெளிவான அமைப்புடையது. அவ்வடைகளுள் சில பதினெட்டாம் நூற்றாண்டு முதலே அறிவியற் பெயர்களுள் இடம்பெற்றுள்ளன. இன்றைய வண்ணமீன் வணிகப் பெயர்கள் நிறத்தைத் தக்கவைத்து, அதன் ஊற்றையும் மீனின் ஆற்றையும் விட்டுவிடுகின்றன. டெனிசன் கெண்டையில் அவ்விடுபாடு இரண்டு இனங்களை ஒன்றாக்கிக் காப்புப் பதிவைக் குலைத்தது. கண்ணாடிமீனில் தொழிலைப் பண்பாகக் காட்டியது. கவசக் கெளுத்தியில் கேட்டை நன்மையாகக் காட்டியது. மூன்றிடத்தும் நேர்ந்தது ஒன்றே: விரிக்கப்பட வேண்டியது தொக்கு நின்றது.

பொத்தேரியின் பெயரில் ஏரி எழுத்தாக நிற்பதால்தான், அங்கு ஓர் ஏரி உண்டு என்பதைப் புதிதாகக் குடியேறுவோரும் அறிகின்றனர். மீனின் பெயரில் அதன் ஆறு எழுத்தாக நிற்குமாயின், அதனை வாங்குவோரும் அவ்வாற்றை அறிவர்.